நான்கு நிமிடமும் ஒரு கிடாரமும்

ஒலிப்பதிவுத் தொழிலில் புதிதாகக் கால் வைத்திருக்கும் நீங்கள் ஐந்தாறு பேர் போன மாதம் லண்டன் குட்மேய்ஸில் என் வீட்டுக்கு வந்தீர்கள். மிக்சரும் தேநீரும் முடிந்தபிறகு, "அங்கிள், உங்கட டைம்ல எல்லாம் எப்பிடி வேலை செய்தனீங்கள்?" என்று ஒருவர் கேட்டார். நான் பழைய யந்திரங்களைப் பற்றி ஒரு மணித்தியாலம் அளந்து விட்டேன். நீங்களும் மரியாதைக்குத் தலையாட்டினீர்கள். சோபாவின் ஓரத்தில் இருந்தவர் கொட்டாவியை விழுங்கியதை நான் பார்க்காமல் இல்லை. அவர்மேல் எனக்குக் கோபமில்லை, நானே பாதியில் அலுத்துப் போயிருந்தேன்.

நீங்கள் போனபிறகுதான் யோசித்தேன். அந்த யந்திரங்கள் எல்லாம் பழைய இரும்புக்குப் போய்விட்டன. அவற்றைப் பற்றித் தெரிந்து நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்? நான் சொல்லியிருக்க வேண்டியது நான் விட்ட ஒரு பெரிய பிழையைப் பற்றி. பிழை விடுகிற விஷயத்தில் மட்டும் தொழில் இன்னும் மாறவில்லை. ஆகவே அன்று சொல்லாமல் விட்டதை இன்று எழுதுகிறேன். நேரில் சொன்னால் நடுவில் எழுந்து போவீர்கள் என்ற பயமும் இல்லை.

எண்பதுகளின் கடைசி. லண்டன் சோஹோவில், ஒரு ஒடுங்கிய சந்துக்குள், மூன்றாம் மாடியில் இருந்தது எங்கள் ஸ்டூடியோ. வெளிநாட்டுப் படங்களுக்கு ஆங்கிலக் குரல் கொடுத்து வீடியோக் கசட்டாக வெளியிடும் கம்பனிகளுக்காக நாங்கள் வேலை செய்தோம். யாழ்ப்பாணத்தில் ரேடியோ திருத்திக் கொண்டிருந்த நான், லண்டனில் எல்லோரையும் போலப் பெற்றோல் ஸ்டேஷனில் தொடங்கி, பிறகு எப்படியோ இங்கே வந்து சேர்ந்தேன். கசட்டைப் போடுவது, எடுப்பது, பிரதி எடுப்பது, பெயர் ஒட்டுவது என் வேலை. பார்க்கச் சின்ன வேலை. ஆனால் கட்டடத்தில் உள்ள எல்லோருடைய உழைப்பும் ஒரு தடவையாவது என் கையால் போகும்.

அந்த வருடம் எங்களுக்கு ஒரு ஜப்பானிய அனிமே தொடர் வந்தது. வேறொரு கிரகத்தில் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். அரசாங்கம் அவர்களைத் தேடுகிறது. அவர்களிடம் இருப்பது மலை உடைப்பதற்காகச் செய்த ஒரு பழைய ராட்சத ரோபோ மட்டுமே. அதன் வயிற்றுக்குள்ளேயே சமைத்து, படுத்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, ஊர் ஊராக ஓடுகிறார்கள். சண்டைப் படம் என்று நினைத்துத்தான் பார்க்கத் தொடங்கினேன். இரண்டாம் பாகத்தில் அந்த அம்மா ஒரே பானைத் தண்ணீரில் முதலில் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, பிறகு அதே தண்ணீரில் துணி துவைத்தாள். அதைப் படமாகக் கீறியவர் யாரோ, அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன்.

அப்பாவுக்குக் குரல் கொடுத்த நடிகர், ரோபோவுக்குள் படுத்திருக்கும் காட்சி வந்தால் தானும் தரையில் படுத்துக் கொண்டுதான் பேசுவார். ஒருநாள் அப்படியே நித்திரையாகிவிட்டார். அவருடைய குறட்டையை நாங்கள் பதிந்து வைத்து, பிறகு ஒரு பாகத்தில் ரோபோவின் எஞ்சினுக்குப் போட்டோம். இன்றுவரை அவருக்குத் தெரியாது.

ஒலிக்கலவை செய்தவர் அறுபது வயதை நெருங்கிய ஒரு ஆங்கிலேயப் பெண்மணி. முன்பு வானொலி நாடகங்களுக்குச் சத்தம் செய்தவர். படத்தின் கடைசியில் தன் பெயரைப் போடுவதையே விரும்பாதவர், அதனால் இங்கேயும் நான் போடவில்லை. எங்களுக்குள் அவரை 'மேடம்' என்போம். அவர் எனக்கு விதித்த சட்டம் ஒன்றே ஒன்று. அந்தக் காலத்துப் பெரிய கசட்டின் அடியில் ஒரு சின்னச் சிவப்புப் பொத்தான் இருக்கும். அதைப் பிடுங்கிவிட்டால் அந்தக் கசட்டில் எதையும் பதிய முடியாது, ஆகவே அழிக்கவும் முடியாது. "வெளியிலிருந்து கசட் வந்தால் கோட்டைக் கழற்றுவதற்கு முன்பு பொத்தானைக் கழற்று" என்பார்.

நான் எங்கள் சொந்தக் கசட்டுகளில் எல்லாம் ஒழுங்காகப் பிடுங்கினேன். டோக்கியோவிலிருந்து வந்தவற்றில் மட்டும் பிடுங்க மனம் வரவில்லை. அவை அவ்வளவு அழகாகப் பொதி செய்யப்பட்டு, மெல்லிய தாளில் சுற்றி, கையால் எழுதிய சீட்டோடு வரும். பிறத்தியாரின் பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போது வந்தபடியே கொடுக்க வேண்டும் என்று வளர்ந்தவன் நான். வீட்டுக்கு வந்த விருந்தாளியின் சட்டைப் பொத்தானைப் பிடுங்குவது போல எனக்குக் கூச்சமாக இருந்தது. கவனமாக இருந்தால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக் கொண்டேன். ஆறு பாகங்கள் வரைக்கும் போதுமாகத்தான் இருந்தது.

ஏழாம் பாகம். ஒரு செவ்வாய்க்கிழமை பகல் இரண்டு மணி. அப்பாவின் ஆங்கிலக் குரலைப் பிரதிக் கசட் ஒன்றில் பதிந்து பார்க்க வேண்டும். பிரதியும் மூலமும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நான் மூலத்தை எடுத்து யந்திரத்துக்குள் தள்ளினேன்.

ஒரு கசட்டில் இரண்டு ஒலித்தடங்கள் இருக்கும். ஒன்றில் ஜப்பானியக் குரல்களோடு எல்லாச் சத்தமும். மற்றதில் குரல் இல்லாமல் இசையும் ஓசைகளும் மட்டும். இந்த இரண்டாவதுக்கு மேலேதான் நாங்கள் ஆங்கிலக் குரல்களை வைப்போம். நான் அழித்தது அந்த இரண்டாவதை. கவனித்து நிறுத்தியபோது நான்கு நிமிடம் போய்விட்டிருந்தது. மற்றத் தடத்திலிருந்து குரலை உரித்தெடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அது இன்று உங்கள் கணினிக்கு முடியும், அன்று கடவுளுக்கும் முடியாது.

எந்த நான்கு நிமிடம் என்றால், குடும்பம் தப்பி வரும் வழியில் ஒரு சோதனைச் சாவடி. ஓட வழியில்லை. பக்கத்தில் உடைந்த யந்திரங்களைக் கொட்டிய ஒரு பெரிய குப்பைமேடு. ரோபோ அந்த மேட்டுக்குள் முழங்காலிட்டு, தலையைத் தொங்கப் போட்டு, தானும் செத்த யந்திரம் போல நடிக்கிறது. மழை பெய்கிறது. சிப்பாய்கள் அதன் முதுகில் ஏறி நடக்கிறார்கள். உள்ளே நான்கு பேர் மூச்சுவிடாமல் இருக்கிறார்கள். கிட்டத்தட்ட பேச்சே இல்லாத காட்சி. ஓசைகளும் இசையும் போனால் அங்கே ஒன்றுமே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை வீடியோக் கம்பனிக்காரர் வந்து பாகத்தைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். டோக்கியோவிலிருந்து வேறு கசட் வர இரண்டு கிழமையாகும். நான் கசட்டைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை ராக்கையில் வைத்து, ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போனேன்.

ஏன் சொல்லவில்லை என்பதைச் சொன்னால்தான் மிச்சம் விளங்கும். என் மனைவி ரஞ்சியும் ஆறு வயது மகள் துளசியும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இரண்டு வருடமாகக் காத்திருந்தார்கள். நான் ஊரைவிட்டு வரும்போது துளசிக்கு நடக்கவே சரியாகத் தெரியாது. அவர்களுடைய விசாவுக்கான நேர்முகம் அடுத்த கிழமை. எனக்கு நிரந்தர வேலை இருக்கிறது, குடும்பத்தைப் பார்த்துக் கொள்வேன் என்று முதலாளி கையெழுத்திட்ட கடிதம் ஒன்று அதற்கு வேண்டும். திங்கட்கிழமை முதலாளி அதை டைப் அடிக்கக் கொடுத்து, "இந்தக் கிழமைக்குள் கையெழுத்து வைத்துத் தருகிறேன்" என்றிருந்தார். செவ்வாய்க்கிழமை நான் கசட்டை அழித்து வைத்தேன். வேலை போனால் கடிதம் போச்சு. கடிதம் போனால் நேர்முகம் போச்சு. திரும்ப எத்தனை வருடமோ.

லண்டனின் வால்தம்ஸ்டோவில் ஒரே வீட்டில் ஆறு ஆண்கள் இருந்தோம். மூத்தவர் குணம் அண்ணை. பேக்கரியில் இரவு ஷிப்ட் செய்பவர். அவர் வேலைக்குக் கிளம்பும் நேரம் சமையலறையில் வைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"ஆரும் கண்டவையோ?"

"இல்லை அண்ணை."

"கேட்டவையோ?"

"இன்னும் இல்லை."

"அப்ப வாயைத் திறக்காத. கேட்டா மட்டும் சொல்லு. அதுவும் கேட்டதுக்கு மட்டும் சொல்லு. நாங்கள் கேக்காததைச் சொல்லப் போனா, அதிலயிருந்து பத்துக் கேள்வி எழும்பி வரும். குடிவரவு இன்ரவியூவில பட்டது காணாதே உனக்கு?"

அவர் சொன்னதில் அப்போது எனக்குப் பிழை ஒன்றும் தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் உயிர் தப்பி வந்திருந்தோம். ஆமிக்காரனுக்கு, விமான நிலையத்தில், குடிவரவு அதிகாரிக்கு என்று ஒவ்வொருவருக்கும் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிச் சொல்லி அது எங்கள் சுபாவமாகவே ஆகிவிட்டது. ஒரு ஸ்டூடியோவில் அந்தச் சுபாவம் என்ன செய்யும் என்று நான் யோசிக்கவில்லை.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு மேடம் கசட்டைப் போட்டார். மூன்றாவது நிமிடத்தில் மழைச் சத்தம் அறுந்தது. அதற்குப் பதிலாக எங்கள் நடிகரின் குரல் மட்டும் வெறுமையாகக் கேட்டது. மேடம் யந்திரத்தை நிறுத்தி முதலாளியைக் கூப்பிட்டார். முதலாளி கேட்ட உடனேயே முகம் சிவந்து, "டோக்கியோவிலேயே எதையோ குழப்பி அனுப்பியிருக்கிறார்கள்" என்றார். நடிகரின் குரல் டோக்கியோவுக்கு எப்படிப் போனது என்று கோபத்தில் அவர் யோசிக்கவில்லை. மேடம் யோசித்திருப்பார். ஆனால் அவர் வாய் திறக்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

முதலாளி பக்கத்து அறையிலிருந்த ஹிரோக்கோவை அழைத்தார். அவள்தான் மொழிபெயர்ப்பாளர். ஒவ்வொரு கசட்டும் வந்தவுடன் முழுதும் கேட்டு, சரியாக இருக்கிறது என்று கையெழுத்து வைப்பவளும் அவள்தான்.

"நீ இதைக் கேட்டாயா?"

"கேட்டேன். எல்லாம் இருந்தது."

"இருந்தது என்றால் எங்கே போனது? கேட்காமலே கையெழுத்து வைத்திருக்கிறாய்."

ஹிரோக்கோ மறுபடியும் "கேட்டேன்" என்றாள். மூன்றாவது தடவை அவள் அதைச் சொல்லவில்லை. தலையைக் குனிந்து கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்குத் தெரிந்த முகமாக இருந்தது. உண்மையைச் சொல்லியும் நம்பப்படாத ஆட்களின் முகம் எப்படியிருக்கும் என்று எங்கள் வீட்டில் ஆறு பேருக்கும் தெரியும். என்னிடம் அதுவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சும்மா நின்றிருந்தால் தப்பியிருப்பேன் என்றே நினைக்கிறேன். ரஞ்சியையும் பிள்ளையையும் நினைத்தேன். ஆனாலும் வாய் திறந்துவிட்டது.

"நான்தான் அழித்தேன். சிவப்புப் பொத்தானைக் கழற்றவில்லை. ஹிரோக்கோ சொல்வது உண்மை."

முதலாளி என்னைப் பார்த்துவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். மேடம்தான் பேசினார்.

"எப்போது?"

"நேற்று இரண்டு மணிக்கு."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "அழித்ததற்கு எனக்குக் கோபமில்லை. முப்பது வருடத்தில் நான் அழித்தவற்றைச் சொன்னால் நீ என்னோடு வேலை செய்ய மாட்டாய். ஆனால் நேற்று இரண்டு மணியிலிருந்து இப்போது வரை இருபது மணித்தியாலம். அதை நீ என்னிடமிருந்து எடுத்துக் கொண்டாய். நான்கு நிமிடத்தைத் திரும்பச் செய்து விடலாம். அந்த இருபது மணித்தியாலத்தை நான் எங்கே போய் வாங்குவது?"

பிள்ளைகளே, இந்த ஒன்றுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். பிழை நடந்த உடனே சொன்னால் அது எல்லோருக்கும் ஒரு வேலை. ஒளித்து வைத்துப் பிறகு சொன்னால் அதே பிழை யாரோ ஒருவருடைய குற்றமாகிவிடும். அந்த ஒருவர் பெரும்பாலும் நீங்களாக இருக்க மாட்டீர்கள், பக்கத்து அறையில் இருப்பவராகத்தான் இருப்பார். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை.

உடனே வேலை தொடங்கியது. ஹிரோக்கோ டோக்கியோவுக்கு வேறு கசட் கேட்டு ஃபாக்ஸ் அனுப்பினாள். அனுப்பிவிட்டு என்னிடம் வந்து, அந்த நான்கு நிமிடத்தில் என்னென்ன சத்தம் எங்கே வருகிறது என்று தான் எழுதி வைத்திருந்த குறிப்பைத் தந்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "பிறகு" என்றாள். ரோபோவின் காலடி, கதவு, எஞ்சின் எல்லாம் முந்திய பாகங்களில் இருந்தன. மழை மேடத்திடம் ஒரு பெட்டி நிறைய இருந்தது. இல்லாதது, ரோபோ முழங்காலிடும் சத்தம். முந்திய ஆறு பாகத்திலும் அது ஒரு தடவைகூட முழங்காலிட்டதில்லை.

இரும்பு அலுமாரியை இழுத்துப் பார்த்தோம், தகரம் போலக் கேட்டது. குளிர்காலச் சூட்டுக் குழாயைத் தட்டிப் பார்த்தோம், கோயில் மணி போலக் கேட்டது. மேடம் கண்ணை மூடிக் கொண்டு, "பெரியதாக இருக்க வேண்டும். வயதானதாக இருக்க வேண்டும். உள்ளே வெறுமையாக இருக்க வேண்டும்" என்றார். அப்போது எனக்கு எங்கள் வீட்டுப் பின்வளவில் கிடந்த கிடாரம் ஞாபகம் வந்தது. கலியாணத்துக்கும் செத்தவீட்டு அந்தியேட்டிக்கும் நூறு பேருக்குச் சோறு காய்ச்சுகிற பெரிய அலுமினியக் கிடாரம். வால்தம்ஸ்டோவில் யாருக்குத் தேவைப்பட்டாலும் அங்கிருந்துதான் போகும். வீட்டுக்குப் போன் செய்தேன். இரவு ஷிப்ட் முடித்துப் படுத்திருந்த குணம் அண்ணைதான் எடுத்தார்.

"அண்ணை, கிடாரத்தை இஞ்ச கொண்டு வர ஏலுமோ?"

"ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை அண்ணை. ரோபோவுக்கு."

அந்தப் பக்கம் ஒரு நீண்ட கொட்டாவி கேட்டது. பிறகு, "வாறன். நித்திரை முறிஞ்சு போச்சு, இனி என்ன" என்றார்.

விக்டோரியா லைன் பாதாள ரயிலில் கிடாரத்தைத் தலையில் கவிழ்க்காத குறையாகத் தூக்கிக் கொண்டு வந்து சேர்ந்தார். ரயிலில் ஒரு கிழவி இது என்ன மேளமா என்று கேட்டாளாம், இவர் ஓம் என்றாராம், அவள் வாசித்துக் காட்டச் சொன்னாளாம். "வாசிச்சனான்" என்றார். மூன்று மாடி ஏறி வந்து மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

"உனக்கு என்ன சொன்னனான்? வாயைத் திறக்காத எண்டு சொன்னனானோ இல்லையோ? இப்ப பார், நான் கிடாரத்தோட நிக்கிறன்."

கட்டடத்தின் கல் படிக்கட்டில் வைத்துப் பதிந்தோம். இரண்டாம் மாடி அலுவலகத்தாரிடம் ஒரு மணித்தியாலம் கதவு திறக்க வேண்டாம் என்று கெஞ்சினோம். நானும் குணம் அண்ணையும் கிடாரத்தின் கைப்பிடிக் காதை ஆளுக்கொன்றாகப் பிடித்து அதைக் கல்லில் உரசி இறக்க, மேடம் குந்தியிருந்து மைக்கைப் பிடித்தார். பத்துத் தடவை, பதினைந்து தடவை. "இன்னும் மெதுவாக. களைத்துப் போன ஒருவர் முழங்காலிடுவது போல" என்று அவர் சொன்னதைக் குணம் அண்ணைக்குத் தமிழில் சொன்னேன்.

"களைச்ச ஆள்தான் வேணுமெண்டா என்னைப் பதியச் சொல்லு. பன்ரண்டு மணித்தியாலம் பாண் அடுக்கிப்போட்டு வந்து நிக்கிறன்."

அதைப் பதிந்து, நாடாவின் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்துப் போட்டுக் கேட்டபோது எங்கள் மூன்று பேருக்கும் மயிர் கூச்செறிந்தது. உண்மையிலேயே ஏதோ ஒரு பெரிய உயிர் தன் எலும்பெல்லாம் நோக முழங்காலிட்டது. குணம் அண்ணை, "சோறு காய்ச்சின சாமான், என்ன கதை கதைக்குது பார்" என்றார். மேடம் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கையில் கிடாரத்துக் கரி இருந்தது, இருவருக்கும் அது ஒட்டிக் கொண்டது.

வியாழக்கிழமை இசை. மூன்றாம் பாகத்தில் ஒரு துரத்தல் காட்சியின் மத்தளம் இருந்தது. அதை இங்கே போட்டால் பொருந்தும் என்று மேடம் சொன்னார். போட்டோம், பொருந்தியது. ஆனாலும் எனக்கு என்னவோ செய்தது. இரண்டு நாளுக்கு முன்புதான் பெரிய பிழை விட்டவன், வாயை வைத்துக் கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும்.

"இசை வேண்டாம் என்று நினைக்கிறேன்" என்றேன்.

"ஏன்?"

அவர் ஏன் என்று மட்டும்தான் கேட்டார். அதற்கு நான் அரை வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னது முழுவதும். ஊரைவிட்டு வெளிக்கிட்ட நாளில் ஒரு லொறியில், மேலே மூடிய படங்குக்குக் கீழே, வெங்காய மூட்டைகளுக்கு நடுவே படுத்திருந்தேன். லொறியை மறித்தார்கள். ஏறி என் தலைக்கு மேலே நடந்தார்கள். நெஞ்சு அடித்துக் கொண்டது என்று கதைகளில் எழுதுவார்கள், எனக்கு நெஞ்சு கேட்கவில்லை. சப்பாத்துக் கேட்டது. எஞ்சின் ஆறும்போது டிக் டிக் என்று விடுகிற சத்தம் கேட்டது. மேலே நின்றவன் மற்றவனிடம் தீப்பெட்டி கேட்டான். மற்றவன் எதற்கோ சிரித்தான். எனக்கு வாழ்வா சாவா என்றிருக்க, அவர்களுக்கு அது சாதாரண ஒரு பின்னேரம். அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

இதை நான் லண்டனில் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை. அதிகாரிகள் வழியைக் கேட்டார்கள், திகதியைக் கேட்டார்கள், லொறியின் நிறத்தைக் கேட்டார்கள். உள்ளே என்ன கேட்டது என்று யாரும் கேட்கவில்லை.

மேடம் மத்தளத்தை எடுத்துவிட்டார். நடிகரைக் கூப்பிட்டு, கதவுக்கு வெளியே நின்று யாரிடமோ தீப்பெட்டி கேட்பது போல முணுமுணுக்கச் சொன்னார், சிரிக்கச் சொன்னார். வார்த்தை விளங்கக் கூடாது என்றார். எஞ்சின் ஆறும் சத்தத்துக்கு ஒரு தண்ணீர்க் கேத்தலைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுப் பதிந்தார். மழை, சப்பாத்து, டிக் டிக், அந்தச் சிரிப்பு. வேறு ஒன்றும் இல்லை. முழுதும் ஓடி முடிந்ததும், "நீ போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வா" என்றார். நான் மலசலகூடத்துக்குள் போய்க் கதவைப் பூட்டிக் கொண்டு அழுதேன், பிறகு தேநீரும் குடித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை வீடியோக் கம்பனிக்காரர் வந்தார். படத்தைப் போடுவதற்கு முன்பே முதலாளி எழுந்து நின்று, எங்கள் பிழையால் நான்கு நிமிடம் அழிந்தது, திரும்பச் செய்திருக்கிறோம், மூலக் கசட் இரண்டு கிழமையில் வரும் என்று ஒளிக்காமல் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. 'எங்கள் பிழை' என்றார். நான் பின்சுவரில் சாய்ந்து நின்றேன். அந்த நான்கு நிமிடம் ஓடியபோது கம்பனிக்காரர் ஒரு பிஸ்கட்டை வாய்க்குக் கிட்டக் கொண்டு போனவர் அப்படியே வைத்திருந்தார். சிப்பாய்கள் இறங்கிப் போனபிறகுதான் கடித்தார்.

"மழை கொஞ்சம் அதிகம்" என்றார். "மற்றபடி சரி."

மழையைக் கொஞ்சம் குறைத்தோம். அவ்வளவுதான். இதை ஒரு வெற்றிக் கதையாக நான் சொல்லவில்லை. டோக்கியோக் கசட் வந்ததும் அடுத்த பிரதிகளில் அவர்களுடைய இசையையே போட்டோம். அதுதான் முறை. அது அவர்களுடைய படம், நாங்கள் குரல் கொடுக்க வந்தவர்கள். எங்கள் நான்கு நிமிடம் முதலில் வெளியான கசட்டுகளில் மட்டும் இருக்கிறது. ஹிரோக்கோவிடம் அன்று பின்னேரம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த கசட் வந்தபோது எனக்கு முன்னால் நின்று, "கழற்று" என்றாள். கழற்றினேன்.

ஆனால் கடிதம் இருந்ததே. வெள்ளிக்கிழமை மூன்று மணிவரை நான் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. கேட்க முகமில்லை. ஞாயிற்றுக்கிழமை ரஞ்சி போன் எடுப்பாள், அவளுக்கு என்ன சொல்வது என்று மட்டும் யோசித்துக் கொண்டு கசட்டுகளுக்குப் பெயர் ஒட்டினேன். முதலாளி கூப்பிட்டார். போனேன். வேலை போகப் போகிறது என்று நினைத்தே போனேன்.

அவர் ஒரு கடித உறையை மேசையில் தள்ளினார். "இதை நீ கேட்டு வருவாய் என்று இரண்டு நாளாகப் பார்க்கிறேன்."

பிரித்தேன். கையெழுத்து இருந்தது. கையெழுத்துக்குப் பக்கத்தில் அவர் பேனாவால் எழுதியிருந்த திகதியைப் பார்த்தேன். அது வெள்ளிக்கிழமை இல்லை, புதன்கிழமை. கம்பனிக்காரர் வருவதற்கு முன்னால், கிடாரம் வருவதற்கும் முன்னால், அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாரே, அப்போது போட்ட கையெழுத்து.

எனக்கு விளங்கவில்லை என்று முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"அதில் ஒரு வரி இருக்கிறது, பார். இவர் நம்பிக்கையானவர் என்று. திங்கட்கிழமை அதை எல்லோருக்கும் எழுதுவது போல எழுதினேன். உண்மையா என்று எனக்கே தெரியாது. புதன்கிழமை தெரிந்தது. அதுதான் உடனே போய்க் கையெழுத்து வைத்தேன்." பிறகு வழக்கமான குரலில், "இனிமேல் பொத்தானைக் கழற்றாவிட்டால் உன்னைக் கழற்றி விடுவேன்" என்றார்.

நான் நன்றி சொன்னேனா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. படிக்கட்டில் இறங்கி, சந்துக்கு வந்து, நின்று மூச்சு விட்டேன். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு ஒழுங்காக மூச்சு விட்டது அப்போதுதான். அன்றே விரைவுத் தபாலில் கொழும்புக்குப் போட்டேன்.

அவர்கள் வந்து இறங்கியது அடுத்த வசந்த காலத்தில். ஹீத்ரோவில் கதவு திறந்து திறந்து மூட, மூன்று மணித்தியாலம் நின்றேன். என்ன சொல்வது என்று வருடக்கணக்காக யோசித்து வைத்திருந்தேன். ரஞ்சி தள்ளுவண்டியோடு வெளியே வந்தாள். அவளுடைய சீலைத் தலைப்பைப் பிடித்துக் கொண்டு துளசி வந்தாள். நான் யோசித்து வைத்தது ஒன்றும் வாயில் வரவில்லை. எல்லோரும் பார்க்க, அந்தத் தள்ளுவண்டியின் ஓரத்திலேயே குந்தி, சின்னப் பிள்ளை போல அழுதேன்.

துளசி என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு தாயிடம் கேட்டாள்.

"அம்மா, இவர் ஏன் அழுறார்?"

ரஞ்சி என் தலையில் கை வைத்தாள்.

"அழட்டும் விடு பிள்ளை. இனி எங்களுக்கு நேரம் இருக்குத்தானே."